பொம்மை ஏறாத பில்லை

திறக்காதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. ரெசின்னு கண்ணாடி மாதிரி இறுகற பசை ஊத்தியிருக்காராம், அது இறுகணுமாம், தூசி பட்டா வீணாப் போயிருமாம், பொழுது சாயற வரைக்கும் அந்த டப்பாவத் தொடாதேன்னு செருப்பு மாட்டும்போது ஒருதரம், வண்டியத் திருப்பும்போது ஒருதரம். வேற எவளாவது பொண்டாட்டியா இருந்தா சரிங்கன்னு சொல்லிட்டு ஃபேனைப் போட்டுப் படுத்திருப்பா. எனக்கு எங்க தூக்கம் வருது? சோத்துப் பாத்திரம் கழுவியாச்சு, மேடை துடைச்சாச்சு, துடைச்ச மேடையவே இன்னொருக்கா துடைச்சாச்சு, கண்ணு மட்டும் அந்த ரூம் பக்கமே போகுது. டப்பா கெடக்கட்டும், அதுல என்ன இருக்குது, கேக் வாங்கின பிளாஸ்டிக் டப்பா. எனக்கு உறுத்தறது வேற. மறைக்கிற ஆளே இல்ல இந்த மனுஷன். பில்லை ஒண்ணு செஞ்சு முடிச்சா கொண்டாந்து மூக்குக்கு நேரா நீட்டுவாரு. கடுகு வெடிச்சுக்கிட்டு இருக்கும், "துளசி, இதைப் பாரேன், சதுப்பு நெலம்"பாரு. பனிமலைம்பாரு, எரிமலைம்பாரு. எரிமலையப் பாத்துக்கிட்டு இருந்தா ரசம் பொங்கிரும், தள்ளுங்கன்னு சொல்லுவேன். தள்ளிருவாரு. அப்படிப்பட்டவரு கொஞ்ச நாளா அந்த ரூம் கதவைச் சாத்திக்கிட்டுச் செய்யறாரு. நான் தண்ணி கொண்டுட்டுப் போனா துண்டை எடுத்து மேல போடறாரு. எரிமலைக்குத் துண்டு போடுவாங்களா யாராச்சும்?

கோபியில இருந்து எங்கண்ணன் வந்தப்போ கேட்டாரு, மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமையானா எங்க போறாருன்னு. பீளமேட்டுல ஜோயல்னு ஒரு தம்பி வீட்டு மாடியில பெரிய மேஜை இருக்குது, அதுல கட்டைவிரல் ஒசரத்துப் பொம்மைகளை நிறுத்தி வெச்சுப் பகடை உருட்டிச் சண்டை போடுவாங்க, அந்தப் பொம்மைங்க நிக்கறதுக்கு அடியில ஒரு பில்லை வேணும், அந்தப் பில்லை மேல மண்ணு, கல்லு, புல்லு, இடிஞ்ச சுவருன்னு ஒரு எடத்தையே செஞ்சு ஒட்டறது இவரு சோலின்னு சொன்னேன். அண்ணன் காப்பி டம்ளரைக் கீழ வெச்சாரு. "குடியில்லையே?"ன்னாரு. இல்லைன்னேன். "அப்ப உடு"ன்னாரு. குடிச்சாலாவது வாசம் வரும், கண்டுபிடிச்சிரலாம். இதுல என்னத்தைக் கண்டுபிடிக்கறது? என் ரவையெல்லாம் பாலைவனமாயிருச்சு. வடிகட்டின டீத்தூளைக் காய வெச்சுக் காட்டுச் சருகுங்கறாரு. தேங்கா நாரை இத்தினி இத்தினியா வெட்டிப் புல்லுங்கறாரு. பம்பு கம்பெனியில நாளெல்லாம் வரைபடம் போட்டுட்டு வந்த கண்ணு, ராத்திரிச் சோத்துக்கு முன்னாடி இத்தினியூண்டு கல்லுக்கு நிழல் தீட்டிக்கிட்டு இருக்கும். பையனை நாமக்கல் ஹாஸ்டல்ல விட்டதுக்கப்பறம் இன்னும் அதிகமாயிருச்சு. வீட்டுல இருக்கறது ரெண்டே பேரு. அதுல ஒருத்தரு இப்படிக் குனிஞ்சுக்கிட்டு இருந்தா இன்னொருத்தி என்ன பண்ணுவா, யோசிச்சுக்கிட்டுத்தான் இருப்பா.

யோசிச்சா எல்லாம் தானா வந்து ஒட்டுது. வண்டி சைலென்சர்ல ஆரம்பிச்சுது. ஒருநா அவரு வந்து குளிக்கப் போனப்போ, துணி எடுக்கப் போன நான் சும்மா புறங்கையை வெச்சுப் பாத்தேன். ஜில்லுனு இருந்துச்சு. பீளமேட்டுல இருந்து அத்தனை சிக்னல் தாண்டி வந்த வண்டி எப்படி ஜில்லுனு இருக்கும்? அடுத்த நாளும் பாத்தேன், ஆபீஸ் விட்டு வந்தப்போ. அதே மாதிரி. வண்டிச் சத்தமும் கேக்கறதில்ல, திடீர்னு மணி அடிக்குது, திறந்தா நிக்கறாரு. அப்போ எங்கியோ பக்கத்துலயே இருந்துட்டு வர்றாரு. நடக்கற தூரத்துல. வண்டியத் தள்ளிக்கிட்டே வர்ற தூரத்துல. "எங்க போயிட்டு வர்றீங்க?"ன்னு கேட்டா தயாரா ஒரு பதில் இருக்குது, அந்தப் பதிலுக்கு மேல ஒரு கேள்வி கேட்டா அதுக்கும் தயாரா ஒண்ணு இருக்குது. உண்மையைச் சொல்றவனுக்கு எங்கியாவது ஒரு எடத்துல தடுமாறும். இவருக்குத் தடுமாறறதே இல்ல. பேங்க்ல கூட்டம், டயர்ல காத்து இறங்கிருச்சு, மேனேஜர் நிறுத்தி வெச்சுட்டாரு. பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிக்கற மாதிரி வருது. பொய்யில்லாம என்ன அது? பக்கத்து வீதியில ஹேமலதா டீச்சர் இருக்கா, தனியா, டியூஷன் எடுத்துக்கிட்டு. போன கோயில் நோம்பிக்கு, "உங்க வீட்டுக்காரரு நல்லாப் பேசறாருங்க"ன்னு என்கிட்டயே சொன்னா. எங்க பேசினாரு, எப்பப் பேசினாரு, என்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத மனுஷன் அவகிட்ட மட்டும் நல்லாப் பேசறாராக்கும்.

திறந்துட்டேன். சும்மா மூடியை நகத்தி ஓரமாப் பாக்கலாம்னுதான் போனேன், கை வந்துருச்சு. ரெசின் வாசம் கப்புனு அடிச்சுது, மூக்கைப் பொத்திக்கிட்டேன். மத்த பில்லையெல்லாம் ரூபாக்காசு அளவுதான் இருக்கும், இது இட்லிக் குழி அளவு. பனியில்ல, எரிமலையில்ல. சந்து. நம்ம ஊருச் சந்து மாதிரி ஒண்ணு. ஒருபக்கம் ஒரு வீட்டுச் சுவரு, காரை உதிர்ந்து செங்கல் தெரியுது, அடியில பாசி. இன்னொரு பக்கம் குட்டையா காம்பவுண்டுச் சுவரு, மேல கண்ணாடிச் சில்லு பதிச்சு, அந்தச் சில்லை எதை ஒடைச்சுப் பண்ணினாரோ. நடுவுல சாக்கடை, அதுலதான் ரெசினை ஊத்தியிருக்காரு, கறுப்பா, பளபளன்னு, நெசமான சாக்கடை நாறலைங்கறதுதான் குறை. ஒரு குச்சி ஒட்டினது சரியா ஒட்டாம சாய்ஞ்சு கெடக்குது. வீட்டுச் சுவத்துல தீக்குச்சியில செஞ்ச ஜன்னல். ஜன்னல் கதவு ரெண்டும் விரியத் திறந்திருக்குது. இதென்ன எடம்? கோயமுத்தூர்ல திரும்பின பக்கமெல்லாம் இப்படிச் சந்துதான், எந்தச் சந்துன்னு நான் எங்க கண்டேன். ஆனா மனுஷன் பாக்காத ஒண்ணை இப்படிச் செய்ய முடியாது. செங்கல்லுல எது உடைஞ்சிருக்குது, பாசி எதுவரைக்கும் ஏறியிருக்குதுன்னு மனப்பாடமாத் தெரிஞ்சிருக்குது. ஒருதரம் ரெண்டுதரம் போன எடமில்ல இது. போய் நின்னு, நின்னு, நின்னு பாத்த எடம்.

அப்பறந்தான் அந்தத் துளை கண்ணுல பட்டுது. பொம்மை நிக்கறதுக்குக் கால்ல கம்பி குத்துவாங்க, அந்தக் கம்பி இறங்கறதுக்குப் பில்லையில ஊசித் துளை போடுவாரு. துளை எங்க இருக்குதோ அங்க ஆளு வரப்போகுதுன்னு அர்த்தம். ரெண்டு துளை. ஒண்ணு சந்துல, காம்பவுண்டு ஓரமா. இன்னொண்ணு ஜன்னலுக்குப் பின்னாடி, வீட்டுக்குள்ள. சண்டை போடற பொம்மைக்கு ஜன்னல் எதுக்கு? ஒரு ஆளு வெளிய, ஒரு ஆளு உள்ள. இதுக்கு மேல படம் போட்டு வேற காட்டணுமா? பதினஞ்சு வருஷம். இந்தக் கையில சமைச்சுப் போட்டு, அவங்கம்மாவைக் கடைசி வரைக்கும் குளிப்பாட்டி விட்டு, ஒரு நகை கேட்டிருப்பேனா, ஒரு சினிமா கேட்டிருப்பேனா. எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு மனுஷன். இவரும் எனக்கில்லைன்னா நான் எங்க போவேன், கோபியில அண்ணி மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேனா? அண்ணனுக்குப் போன் போடலாமான்னு எடுத்தேன். போட்டா நாலு பேரோட கார்ல வந்து எறங்கிருவாரு, பொழுது சாயறதுக்குள்ள வீதியே கூடிரும், அதுக்கப்பறம் சேத்து வெக்க யாராலயும் முடியாது. தெரியும். இருந்தாலும் பேரை எடுத்து விரலை மேலயே வெச்சிருந்தேன். மொதல்ல ஒரு சாட்சி வேணும்னு தோணுச்சு. ஞாயித்துக்கிழமை, ஆட்டத்துக்குத்தானே போயிருக்காரு, ஜோயலுக்கு அடிச்சேன்.

"ஏனுங்க தம்பி, அவரு பக்கத்துல இருக்காருங்களா? போனை எடுக்க மாட்டேங்கறாரு."

"அண்ணன் அப்பவே கெளம்பிட்டாருங்க அக்கா. எப்பவும் மொதல்ல கெளம்பறதே அவருதானுங்களே. துளசி காத்துக்கிட்டு இருப்பான்னு பாதி ஆட்டத்துலயே எந்திரிச்சுருவாரு."

"எப்பவுமேவா?"

"ஏதாச்சும் பிரச்சினைங்களா அக்கா?"ன்னான்.

"ஒண்ணுமில்லீங்க, வர்றப்போ பால் வாங்கியாரச் சொல்லலாம்னு" சொல்லிட்டு வெச்சுட்டேன். எப்பவும் மொதல்ல கெளம்பறாரு, எப்பவும் இருட்டற நேரத்துலதான் வீடு வர்றாரு. பாத்தீங்களா, கையும் களவுமா மாட்டிக்கிட்டாரு. நடுவுல இருக்கற அந்த நேரம் எங்க போகுது? அது இந்தச் சந்துக்குத்தான் போகுது, இந்த ஜன்னலுக்குத்தான் போகுது. அவகிட்டப் போறதுக்கு என் பேரைச் சொல்லி, துளசி காத்துக்கிட்டு இருப்பாளாம், என்னமாப் பேரை உபயோகப்படுத்தறாரு பாருங்க. பில்லையத் தூக்கி விட்டெறிஞ்சுரலாம்னு எடுத்தேன். எடுத்தது கையிலயே இருந்துச்சு. ஒருக்கா நானும் ஜோயல் வீட்டுக்குப் போயிருக்கேன், அந்தத் தம்பி புது வீடு பால் காச்சினப்போ. மாடியில வளந்த ஆம்பளைங்க அத்தனை பேரும் மேஜை ஓரத்துல மண்டி போட்டு, ஒத்தைக் கண்ண மூடிக்கிட்டு எதையோ பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. இவரு சொன்னாரு, "மேல நின்னு பாத்தா எல்லாந் தெரியற மாதிரித்தான் இருக்கும் துளசி. ஆனா யாரு யாரைப் பாக்க முடியும்னு அதுல தெரியாது. பொம்மை நிக்கற எடத்துல கண்ணை வெச்சுப் பாக்கணும், அதுதான் சட்டம்." சட்டமாம். சரி, உங்க சட்டப்படியே பாத்துர்றேன்னு பில்லைய மேஜை மேல வெச்சேன், மண்டி போட்டேன், முட்டி கடக்குனு சொல்லுச்சு.

மொதல்ல சந்துல இருக்கற துளை. தாடையை மேஜையில வெச்சு, ஒத்தைக் கண்ண மூடினேன். சுவரு பெரிசாயிருச்சு. நிமிர்ந்து பாக்கற மாதிரி ஆயிருச்சு. மேல இருந்து பாத்தப்போ தெரியாத ஒண்ணு இப்பத் தெரிஞ்சுது, ஜன்னல் விளிம்புல மஞ்சளா இத்தினியூண்டு பெயிண்ட், உள்ள லைட் எரியற மாதிரி. அந்த வெளிச்சம் கீழ சாக்கடைத் தண்ணி வரைக்கும் வந்து விழுது. அடப்பாவி மனுஷா. எவ்வளவு ஆசையாத் தீட்டியிருக்காரு. கல்யாணமான புதுசுலகூட என்னை இப்படி நின்னு பாத்ததில்ல. யாருடி நீ, பொழுதோட லைட்டைப் போட்டுக்கிட்டு, அடுத்தவ புருஷன் வந்து நிக்கறான்னு தெரிஞ்சும் ஜன்னலை விரியத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கறவ? வெக்கமில்ல? சோலியில்ல உனக்கு? அவன் வந்து மழையோ வெயிலோ அங்கியே நிக்கறான், கூப்பிட்டு உள்ளயும் விடாம, போடான்னு விரட்டவும் செய்யாம, என்ன ஜென்மம் நீ? எந்திரிச்சு அந்தப் பக்கம் போனேன். உன் கண்ணுல இருந்தே பாக்கறேன் இரு, என் புருஷன் அங்கிருந்து எப்படித் தெரியறான்னு பாக்கறேன். சுவத்துக்குப் பின்னாடி மண்டி போட்டு, அந்தத் தீக்குச்சி ஜன்னல் வழியாக் கண்ணை வெச்சேன்.

சந்து தெரிஞ்சுது. கண்ணாடிச் சில்லு தெரிஞ்சுது. சாய்ஞ்ச குச்சி தெரிஞ்சுது, அது குச்சியில்ல, கரண்டுக் கம்பம். சரியா ஒட்டாம சாயல. வேணும்னே வளைச்சு வெச்சிருக்காரு, இடுப்பு ஒசரத்துல ஒரு நசுங்கல். அந்த நசுங்கலை எனக்குத் தெரியும். நாங்க இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்னைக்குச் சாமான் ஏத்தின லாரி பின்னால வந்து இடிச்ச கம்பம். நான்தான் சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு, பாத்து, பாத்துன்னு கத்தினேன், டிரைவரு காதுல வாங்கல. அன்னைக்குப் பாத்ததுதான். சாக்கடை நாத்தம், கொசு, சந்துல போற வர்றவன் எட்டிப் பாப்பான்னு அந்த வாரமே ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன், இடுக்குல பேப்பரை மடிச்சுச் செருகினேன், அதோட சரி. பகல்லயும் டியூப் லைட்டைப் போட்டுத்தான் சமைக்கறேன். பின்சுவரு வெளிய எப்படியிருக்குது, பாசி ஏறியிருக்குதா, காரை உதிர்ந்திருக்குதா, எனக்கு எப்படித் தெரியும், நான் அந்தப் பக்கம் போனதே இல்லையே. இத்தனை நேரம் யாரைத் திட்டினேன் நான். முட்டி வலிக்குது, எந்திரிக்கத் தோணல. ஆனா எங்க ஜன்னல் திறந்திருக்காதே. ஒரு நாளும் திறந்ததில்லையே. அவரு திறந்து வெச்சிருக்காரு.

அப்படியும் மனசு ஒத்துக்குதா பாருங்க. ஏதோ ஒரு சந்தைப் பாத்துச் செஞ்சிருப்பாரு, நம்ம சந்து கைவசம் இருந்துச்சு, செஞ்சுட்டாரு, இதுல என்னன்னு ஒரு பக்கம். அவளை இங்கியே வரச் சொல்லிச் சந்துல நின்னு பேசறாரோன்னு இன்னொரு பக்கம். சமையக்கட்டுக்குப் போனேன். பேப்பரை உருவினேன், தூளாக் கொட்டுச்சு. தாழ்ப்பாள் எண்ணெய்ப் பிசுக்குல இறுகிக் கெடக்குது, இடுக்கியால பிடிச்சு அசைச்சு அசைச்சு, சத்தம் வராம, பல்லைக் கடிச்சுக்கிட்டு எடுத்தேன். விரல் அகலத்துக்குத் திறந்தேன். சாக்கடை நாத்தம் வந்துச்சு. வளைஞ்ச கம்பம். கண்ணாடிச் சில்லு. காம்பவுண்டு ஓரமா, துளை போட்ட எடத்துலயே, எங்க வீட்டுக்காரரு வண்டி மேல உக்காந்திருக்காரு. ஹெல்மெட் மடியில. பக்கத்துல யாருமில்ல. போனும் பாக்கல, பீடி சிகரெட் எதுவுமில்ல. எஞ்சின் எப்பவோ ஆறியிருக்கும். மொகம் நல்லா இருந்துச்சு, ஜோயல் வீட்டு மாடியில பாத்த மொகம், வீட்டுக்குள்ள நான் பாக்காத மொகம். கூப்பிடலாமான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்போதான் கவனிச்சேன், உதடு அசையுது. பாட்டு இல்ல. விரலை ஒவ்வொண்ணா மடக்கறாரு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், ஏதோ சொல்லி மடக்கறாரு, ஒண்ணுல தடுமாறி நிக்கறாரு, தலையாட்டிட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கறாரு. சத்தம் வெளிய வரல, ஆனா பதினஞ்சு வருஷமா அந்த வாயைப் பாத்துக்கிட்டு இருக்கறவ நான். டிராஃபிக்னு சொல்றாரு. பெட்ரோல்னு சொல்றாரு. பதிலை ஒப்பிச்சுப் பாக்கறாரு. கேள்விகூடத் தெரிஞ்சுது எனக்கு, என் கேள்வி, ஒண்ணு விடாம, நான் கேக்கற வரிசையில.

அவ ஒருத்தி இருந்திருந்தா தேவலை. போய்க் கதவைத் தட்டி நாலு வார்த்தை நறுக்குனு கேட்டிருப்பேன், அழுதிருப்பேன், அண்ணனை வரச் சொல்லியிருப்பேன், ஊரே என் பக்கம் நின்னிருக்கும். இப்ப யாரு வீட்டுக் கதவைப் போய்த் தட்டறது? சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு வண்டியில இருந்து இறங்கினாரு. மொகத்தைக் கையால ஒருக்கா துடைச்சாரு, துடைச்ச கையோட அந்த நல்ல மொகமும் போயிருச்சு. வண்டிய ஸ்டார்ட் பண்ணாமத் தள்ளிக்கிட்டு முன்பக்கம் போறாரு. நான் ஜன்னலைச் சாத்தல. அப்படியே நின்னேன். மணி அடிக்குது. கேக்கக் கூடாது. இன்னைக்கு ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. வாயை இறுக மூடிக்கிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

"ஜோயல் வீட்டுல ஆட்டம் முடியவே நேரமாயிருச்சு"ன்னாரு.

நான் வழி விட்டு நகந்து நின்னேன்.

"அவிநாசி ரோட்டுல வேற ஒரே நெரிசல். சிக்னல்ல மாட்டிக்கிட்டேன்."

சோஃபாவுல துண்டு கெடந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். வாங்கிக்கிட்டாரு. செருப்பைக் கழட்டினாரு. என் மொகத்தைப் பாத்தாரு, கொஞ்சம் பயந்த மாதிரி, இன்னும் ஏதோ பாக்கி இருக்கற மாதிரி.

"பெட்ரோல் பங்க்ல கூட்டம். ஒரே ஆளுதான் போடறான்" அப்படின்னாரு. நான் தலையாட்டினேன். "வழியில யாரையும் பாக்கல. எங்கியும் நிக்கல, நேரா வந்துட்டேன்." நான் ஒண்ணுமே கேக்கலீங்க. உள்ள போறாரு, தண்ணியக் குடிக்கறாரு, டம்ளரை வெச்சுட்டுத் திரும்பி, சொல்லிக்கிட்டே இருக்காரு.